திருப்பூர்ப் பின்னலாடை அலுவலகத்தில் பாஸ்கீயும் யூபிகீயும்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

அவிநாசி சாலையை ஒட்டிய நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு, மின்னஞ்சல், கணினி ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் வாங்குபவர்களோடு பேசி ஆர்டர்களை நடத்தும் மெர்ச்சண்டைசர்கள், கணக்கர், ஷிப்பிங் ஆவணங்களைத் தயாரிப்பவர் என மின்னஞ்சலோடு அன்றாடம் பழகும் அனைவரும் எழுத்துக் கடவுச்சொல்லை விட்டுவிட்டு, எதையும் நினைவில் வைக்காமல் கைபேசி அல்லது கணினியைத் திறப்பது போலவே கணக்கைத் திறக்கும் பாஸ்கீ முறைக்கு மாறியிருக்கிறார்கள். பணப் பரிமாற்றத்தோடு தொடர்புள்ள கணக்குகளைக் கையாள்பவர்களுக்கு, யூபிகீ என்ற பெயரில் விற்கப்படும், கணினியில் செருகும் சிறு பாதுகாப்புச் சாவியையும் கொடுத்திருக்கிறோம். ஒரே கணினியில் மூன்று பேர் மாறி மாறி அமர்கிற, பஞ்சுத் தூசி படிகிற, விரல் ரேகை தேய்ந்தவர்கள் நிறைந்த ஒரு தொழிற்கூடத்தில் இவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை, இதே நிலையில் இருக்கும் திருப்பூர், ஈரோடு, கரூர், கோவை நிறுவனத்தாருக்குச் சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தயங்காமல் வாங்கலாம் என்பதுதான். ஒரு மின்னஞ்சலையோ இணையதளத்தையோ பார்த்து இது உண்மையா போலியா என்று தீர்மானிக்கும் சுமையை இந்த முறை ஊழியரின் தோளிலிருந்து இறக்கிவைக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்தச் சுமையை எவராலும் தாங்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த நம்பிக்கைக்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தொழில் முழுவதும் மின்னஞ்சலில் நடக்கிறது. ஆர்டர், அளவு அட்டவணை, சாம்பிள் ஒப்புதல், இன்வாய்ஸ், வங்கி விவரம் எல்லாமே ஒரே அஞ்சல் பெட்டிக்குள் வந்து சேர்கின்றன. அந்தப் பெட்டிக்குள் நுழைந்துவிட்ட ஒருவர் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்துவிட்டு, பணம் வர வேண்டிய நேரத்தில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று எங்கள் பெயரில் பையருக்கு, அதாவது சரக்கை வாங்கும் நிறுவனத்துக்கு, ஒரு கடிதம் அனுப்பினால், ஒரு சீசனின் உழைப்பு எங்கோ ஓர் அறியாத கணக்குக்குப் போய்விடும். முன்பெல்லாம் இத்தகைய கடிதங்களை அவற்றின் கோணல் ஆங்கிலமே காட்டிக்கொடுத்தது. தமிழில் வந்த போலிக் குறுஞ்செய்திகளும் அப்படித்தான் இருந்தன. வினைமுற்று ஓரிடத்திலும் எழுவாய் வேறோரிடத்திலும் நிற்கும். இப்போது ஒரு பையர் எப்படி எழுதுவார், எந்தச் சொல்லில் வணக்கம் சொல்வார், எதற்குக் கோபப்படுவார் என்பதைப் பழைய கடிதங்களிலிருந்து கற்றுக்கொண்டு அதே நடையில் எழுதித்தரும் கருவிகள் யாருக்கும் கிடைக்கின்றன. எழுத்துப் பிழையைப் பார், இலக்கணத்தைப் பார் என்று புதிய ஊழியர்களுக்கு நாம் சொல்லிக்கொடுத்துவந்த அறிவுரை அதன் பயனை இழந்துவிட்டது.

கடவுச்சொல்லின் நிலையும் அதுதான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில், பலர் ஒரே கணினியை நேரம் பகிர்ந்து பயன்படுத்துவதற்காகப் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய அமைப்பில் கடவுச்சொல் இடம்பெற்றது. ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காமல் இருந்தால் போதும் என்ற அளவில் பிறந்த ஏற்பாடு அது. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மறையாக்கம் செய்யப்படாத ஏறத்தாழ 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளியானபோது, மனிதர்கள் கடவுச்சொல்லை எப்படி அமைக்கிறார்கள் என்பதற்கான மாபெரும் பாடநூல் ஒன்று களவாளிகளுக்குக் கிடைத்தது. 2017-இல் வெளியான பாஸ்கான் என்ற ஆய்வு, அந்தப் பட்டியலைப் படிக்கக் கொடுத்தாலே விதி எதுவும் சொல்லித்தராமல் நரம்பு வலையமைப்பு என்ற வகைச் செயற்கை நுண்ணறிவு தானாகப் புதிய கடவுச்சொற்களை ஊகித்துக்கொள்ளும் என்று காட்டியது. நம் பக்கத்துப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். குலதெய்வத்தின் பெயர், மருதமலை, சென்னிமலை, சிவன்மலை என்று ஏதாவது ஒரு மலை, அதோடு வண்டிப் பதிவெண்ணில் வரும் 39 அல்லது 42, கடைசியில் @ என்ற ஆட் குறி. நிறுவனத்தின் இணையதளத்தையும் முதலாளி குடும்பத்தின் சமூக ஊடகப் பக்கங்களையும் படித்துவிட்டு இப்படிப்பட்ட ஆயிரம் ஊகங்களை அடுக்குவது மனிதரைப் போல எழுதும் செயற்கை நுண்ணறிவான இன்றைய மொழி மாதிரிகளுக்குச் சில நொடி வேலை.

ஊகிக்கவே தேவையில்லாத வழியும் இருக்கிறது. 2023-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள், விசைப்பலகையில் தட்டும் ஓசையைக் கைபேசியில் பதிவுசெய்து, எந்த எழுத்து தட்டப்பட்டது என்பதை 95 விழுக்காடு சரியாகக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள். ஜூம் அழைப்பின் வழியே பதிவான ஓசையிலும் 93 விழுக்காடு வரை சரியாக வந்தது. அது ஆய்வுக்கூடத்தில் ஒரே வகை மடிக்கணினியை வைத்துச் செய்யப்பட்ட சோதனை; தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அதே துல்லியம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் பையரோடு காணொளி அழைப்பில் பேசிக்கொண்டே இன்னொரு தளத்துக்குக் கடவுச்சொல் தட்டும் மெர்ச்சண்டைசரை நான் தினமும் பார்க்கிறேன். எழுத்தால் ஆன இரகசியம் எதுவானாலும் அதைத் தட்டியாக வேண்டும், தட்டும்போது அது வெளியே வருகிறது.

பாஸ்கீ இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. ஒரு தளத்தில் பாஸ்கீ உருவாக்கும்போது நம் கருவி ஒரு சோடித் திறவுகோலை உருவாக்குகிறது. பொதுத் திறவுகோல் அந்தத் தளத்துக்குப் போகிறது. தனித் திறவுகோல் நம்மிடமே இருக்கிறது. அடுத்த முறை நுழையும்போது தளம் ஒரு புதிய எண்ணை அனுப்புகிறது, நம் கருவி அதில் தனித் திறவுகோலால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது, தளம் பொதுத் திறவுகோலைக் கொண்டு அதைச் சரிபார்க்கிறது. இடையில் இரகசியம் எதுவும் பயணம் செய்வதில்லை. தளத்தின் தரவுகள் திருடப்பட்டாலும் களவாளிக்குக் கிடைப்பது எதற்கும் உதவாத பொதுத் திறவுகோல்தான். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பாஸ்கீ எந்த இணைய முகவரிக்காக உருவாக்கப்பட்டதோ அந்த முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும். எங்கள் மின்னஞ்சல் நுழைவுப் பக்கத்தைப் போலவே அச்சு அசலாக ஒரு போலிப் பக்கம் வந்து, ஊழியர் அதை முழுமையாக நம்பி விரலை வைத்தாலும், முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் உலாவி அந்தப் பக்கத்துக்கென ஒரு பாஸ்கீயும் இல்லை என்று நின்றுவிடும். ஊழியர் ஏமாறலாம், கருவி ஏமாறாது.

இது ஏட்டளவில் சொல்லப்படும் பேச்சு அன்று. கூகுள் நிறுவனம் 2017-இன் தொடக்கத்தில் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அனைவருக்கும் பாதுகாப்புச் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, அவர்களில் ஒருவருடைய பணிக்கணக்கும் போலித் தளங்களின் வழியே பறிபோகவில்லை என்று 2018-இல் தெரிவித்தது. 2022-இல் இணையப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போலிக் குறுஞ்செய்திகள் வந்தபோது மூன்று பேர் தங்கள் கடவுச்சொல்லைப் போலிப் பக்கத்தில் உண்மையாகவே தட்டிவிட்டார்கள். ஆனாலும் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாததால் தாக்குதல் அங்கேயே முடிந்தது. கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் ஏமாறும்போது, காலை 9 மணிக்கு 40 மின்னஞ்சல்களைத் திறந்துவைத்துக்கொண்டு ஷிப்மென்ட் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் எங்கள் ஊழியரிடம் ‘நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்று சொல்வது நியாயமாகாது.

ஓடிபி இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. போலிப் பக்கம் கடவுச்சொல்லைக் கேட்டதும் அதை உண்மையான தளத்தில் உடனே இட்டு, வருகிற ஓடிபியையும் கேட்டு வாங்கி, அதே நிமிடத்தில் பயன்படுத்திக்கொள்கிறது. சரக்கு அனுப்பவும் விலைப்பட்டியலைப் பதியவும் பயன்படும் அரசின் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் 2025 ஏப்ரல் 1 முதல் அனைவருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயமாகியிருப்பது வெறும் கடவுச்சொல்லைவிட நல்ல முன்னேற்றம். குறுஞ்செய்திக்குப் பதிலாகச் செயலியில் எண் பெறும் வசதியும் அதில் இருக்கிறது. ஓடிபியை நம்பியே இருப்பதில் நடைமுறைத் தொல்லையும் உண்டு. தகரக் கூரையின் கீழ் துணியைச் சீராக்கும் கம்பாக்டிங் இயந்திரங்களுக்கு அருகில் அலைவரிசை கிடைப்பதில்லை. வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்கும் முதலாளியின் எண்ணுக்கு ஓடிபி போய், அவர் விழித்தெழும்வரை இங்கே ஆவணம் காத்துக்கிடப்பது எல்லா ஏற்றுமதி அலுவலகங்களுக்கும் பழகிப்போன காட்சி.

இனிச் சாவியைப் பற்றிச் சொல்கிறேன். யூபிகீ என்பது 2007-இல் சுவீடனில் தொடங்கப்பட்ட யூபிகோ நிறுவனத்தின் தயாரிப்பு. பென்டிரைவை விடச் சிறியது, மின்கலம் கிடையாது, திரை கிடையாது, நடுவில் தங்க நிறத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. நாங்கள் வாங்கியது ஐந்தாம் தொடரைச் சேர்ந்த, யுஎஸ்பியோடு, அருகில் வைத்தாலே கம்பியின்றி இணையும் என்எஃப்சி வசதியும் உள்ள வகை. கணினியில் செருகி, பின் (PIN) எண்ணைத் தட்டி, வட்டத்தைத் தொட்டால் வேலை முடிந்தது. கைபேசி என்றால் அதன் பின்புறத்தில் ஒட்டிப் பிடித்தால் போதும். எங்கள் ஊர் அலுவலகங்களுக்கு இது முற்றிலும் புதிய பொருளும் அன்று. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்துக்கும் நிறுவனப் பதிவுத் தாக்கல்களுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களில் மின்னணுக் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கனை வைத்திருக்கிறோம் அல்லவா, அதற்கு அடிப்படையான அதே இரட்டைத் திறவுகோல் கணிதம்தான் இதற்கும் அடிப்படை. டோக்கனுக்காக இயக்க மென்பொருளை நிறுவுவதும், உலாவி மாறினால் அது வேலை செய்யாமல் போவதும், ஆண்டுகள் கடந்ததும் பணம் கட்டிப் புதுப்பிப்பதும் இதில் கிடையா. டோக்கனைக் கையாண்டு பழகிய எங்கள் கணக்கர், இந்தச் சாவியின் பயன்பாட்டை விளக்கத் தொடங்குவதற்கு முன்பே புரிந்துகொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம், அந்தத் தங்க வட்டம் விரல் ரேகையைப் படிப்பதில்லை என்பதுதான். உற்பத்தித் திட்டத்துக்கான மென்பொருளில் கூகுள் கணக்கின் வழியே நுழைய வேண்டிய எங்கள் கட்டிங் மாஸ்டர், சாவியைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி இது: “ஏனுங்க, ரேகையே தேஞ்சு கெடக்குதுங்க. ரேஷன் கடையிலயே நாலு விரலு மாத்தி மாத்தி வெச்சாத்தான் எடுக்குது. இதுல எப்படிங்க தொறக்கும்?” தொடுவது மனித விரல்தானா என்பதை மட்டும் அது உணர்ந்துகொள்கிறது, யார் என்பதைப் பின் எண் சொல்லிவிடுகிறது என்று விளக்கியபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மதிக்கிறேன். துணியும் கத்தரியும், சாய ஆலையின் இரசாயனமும், காட்டு வேலையும் ரேகையைத் தேய்த்துவிடும் ஊர் இது. ரேகையை மட்டும் அடையாளமாகக் கொள்ளும் எந்த ஏற்பாடும் இங்கே அதிகம் உழைத்தவர்களையே முதலில் வாசலில் நிறுத்தும்.

உறுதியைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவுமில்லை. பஞ்சுத் தூசி எங்கள் கணினிகளின் யுஎஸ்பி துளைகளைத்தான் அடைக்கிறதே தவிர, சாவிக்கு ஒன்றும் ஆவதில்லை. துளைகளை அவ்வப்போது தூரிகையால் சுத்தம் செய்தால் போதும். விலையைப் பொறுத்தவரை, இந்தியாவில் ஒரு சாவி சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, அதையும் இரண்டிரண்டாக வாங்க வேண்டும் என்பதால் பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் சிறு ஜாப் ஒர்க் கூடங்களுக்கு இது சுமைதான். பாஸ்கீக்கு அடிப்படையான ஃபிடோ என்ற தர முறை மட்டும் தேவைப்படுவோர் அதே நிறுவனத்தின் ‘செக்யூரிட்டி கீ’ வகையைக் குறைந்த விலையில் வாங்கலாம். மின்னஞ்சல் பாதுகாப்புக்கு அது முற்றிலும் போதுமானது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது உள்ளிருக்கும் மென்பொருளின் பதிப்பு எண். இந்தச் சாவிகளில் அதைப் பின்னர் மேம்படுத்த வழி கிடையாது. வாங்கியபோது இருந்ததே கடைசிவரை இருக்கும். 2024 மே மாதத்தில் வந்த 5.7 பதிப்புக்கு முந்தைய சாவிகளில் 25 பாஸ்கீகளுக்கு மட்டுமே இடம் உண்டு, 5.7-இல் 100 வரை வைக்கலாம். மேலும் 2024 செப்டம்பரில், பழைய பதிப்புகளில் பயன்படுத்தப்பட்ட இன்ஃபினியன் நிறுவனத்தின் மறையாக்க நிரல்தொகுப்பில் ஒரு குறை வெளிப்பட்டது. சாவியைக் கையில் எடுத்து, விலையுயர்ந்த கருவிகளைக் கொண்டு அதன் மின்காந்த அதிர்வுகளை அளந்தால் தனித் திறவுகோலைப் பிரித்தெடுக்க முடியும் என்பது அந்தக் குறை. எங்களைப் போன்ற நிறுவனத்தின் மீது அத்தனை செலவு செய்து யாரும் வரப்போவதில்லை என்றாலும், பழைய இருப்பைத் தள்ளுபடியில் விற்கும் இணையக் கடைகளைத் தவிர்த்து, 5.7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்று உறுதி பெற்றே வாங்குங்கள். பின் எண்ணைத் தொடர்ந்து எட்டு முறை தவறாகத் தட்டினால் பாஸ்கீ பகுதி பூட்டிக்கொள்ளும். பிறகு அதை அழித்துப் புதிதாகத்தான் தொடங்க முடியும். இது பாதுகாப்புக்கு நல்லது. அதனாலேயே இரண்டாவது சாவி தேவைப்படுகிறது.

சாவி இல்லாமல் கைபேசியில் மட்டும் பாஸ்கீ வைப்பது செலவில்லாதது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் 2022 மே மாதத்தில் கூட்டாக ஆதரவை அறிவித்தபின் இது எல்லாப் புதிய கருவிகளிலும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது. பயன்படுத்த எளிது என்பதில் சந்தேகமே இல்லை. எங்கள் மெர்ச்சண்டைசர் பெண்கள் ஒரு முறை காட்டியதும் பழகிக்கொண்டார்கள். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கைபேசியின் திரைப்பூட்டு எதுவோ அதுவே இப்போது எல்லாக் கணக்குகளுக்கும் கதவு ஆகிவிடுகிறது. நம் வீடுகளில் கைபேசி ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. மகன் விளையாடுவதற்கும், அம்மா கோயில் காணொளி பார்ப்பதற்கும் என்று திரைப்பூட்டின் எண் வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த எண் 1234 ஆக இருந்தால், கணக்கின் வலிமையும் 1234 அளவுதான். ஆகவே நிறுவனத்தின் வங்கி விவரங்கள் செல்லும் மின்னஞ்சலுக்குக் கைபேசிப் பாஸ்கீயை நாங்கள் அனுமதிக்கவில்லை. தனிச் சாவி மட்டுமே.

ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கமும் பாஸ்கீக்கு ஒத்துவருவதில்லை. விண்டோஸில் எல்லோரும் ஒரே பயனராக நுழைந்து, அதே பின் எண்ணைப் பகிர்ந்துகொண்டால், அங்கே சேமிக்கப்பட்ட பாஸ்கீயை அந்த எண் தெரிந்த எவரும் பயன்படுத்தலாம். யார் எந்தக் கடிதத்தை அனுப்பினார்கள் என்பதும் தெரியாமல் போகும். ஆளுக்கொரு பயனர் கணக்கு உருவாக்கி, நிறுவனத்தின் பொதுவான ஏற்றுமதி முகவரியை ஒரு குழு முகவரியாக மாற்றி, அவரவர் தம் சொந்தக் கணக்கிலிருந்தே அதைக் கையாளும்படி செய்த பிறகுதான் எங்களுக்கு இது சீராயிற்று. உள்ளபடியே சொன்னால், சாவி வாங்குவதை விட இந்த ஒழுங்குபடுத்தலே அதிக உழைப்பைக் கேட்டது. அதற்கு நேரம் ஒதுக்காமல் சாவியை மட்டும் வாங்கி மேசையில் வைப்பவர்களுக்குப் பயன் கிடைக்காது. மெர்ச்சண்டைசர்கள் அடிக்கடி நிறுவனம் மாறும் ஊர் இது என்பதால், ஒருவர் விலகும் நாளிலேயே அவருடைய கணக்கை முடக்குவதும், பதிவு செய்த சாவியை நீக்குவதும், அவர் கைபேசியில் இருக்கும் பாஸ்கீயைக் கணக்கின் பட்டியலிலிருந்து அகற்றுவதும் சம்பளக் கணக்கு முடிப்பதைப் போலவே ஒரு கடமையாக வேண்டும்.

மீட்பு வழிதான் இந்த முறையின் மெலிந்த இடம். முன்வாசலில் பாஸ்கீ இருக்கும்போதே, ‘வேறு வழியில் நுழைக’ என்ற இணைப்பைத் தொட்டால் பழைய கடவுச்சொல்லும் குறுஞ்செய்தி ஓடிபியும் பல தளங்களில் அப்படியே காத்திருக்கின்றன. களவாளி அந்தப் பின்வாசலைத்தான் தேடுவான். பாஸ்கீ சேர்த்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாமல், கணக்கின் அமைப்புகளுக்குள் சென்று குறுஞ்செய்தி மீட்பை நீக்கி, இரண்டாவது சாவியைப் பதிவு செய்து, மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு பீரோவில் பூட்டிவைக்க வேண்டும். எங்கள் இரண்டாவது சாவித் தொகுதி முதலாளியின் வீட்டில் இருக்கிறது. அலுவலகத்தில் தீ விபத்தோ திருட்டோ நடந்தாலும் கணக்குகள் கைவிட்டுப் போகாது. ஆப்பிளிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறும்போது பாஸ்கீகளைக் கூடவே எடுத்துச்செல்வது நீண்ட காலம் இயலாததாகவே இருந்தது. 2024 அக்டோபரில் ஃபிடோ கூட்டமைப்பு அதற்கான வரைவு விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அவை எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வரும்வரை, கைபேசி மாற்றுவோர் சாவியைக் கொண்டு நுழைந்து புதிய பாஸ்கீயை உருவாக்கிக்கொள்வதே பாதுகாப்பான வழி. கணினியில் ஏற்கெனவே தீநிரல் புகுந்திருந்தால், நுழைந்த பிறகு உலாவியில் தங்கும் அனுமதிக் கோப்பைத் திருடிக்கொண்டு போக முடியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பாஸ்கீ அதைத் தடுப்பதில்லை.

மற்ற மாற்றுகளைப் பற்றிச் சுருக்கமாக. குரலை அடையாளமாகக் கொள்வதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். 2023 சனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் மூன்று நொடி ஒலித்துண்டு இருந்தாலே ஒருவருடைய குரலைப் போலப் பேசவைக்கும் மாதிரியை அறிவித்தார்கள். அதே ஆண்டு பிரிட்டனில் ஒரு செய்தியாளர் தன் குரலின் செயற்கைப் பிரதியைக் கொண்டே தன் வங்கிக் கணக்கின் குரல் சரிபார்ப்பைக் கடந்து காட்டினார். முகத்தைப் பொறுத்தவரை, ஆயிரக்கணக்கான அகச்சிவப்புப் புள்ளிகளால் ஆழத்தை அளக்கும் கருவிகளும், வெறும் முன்பக்கக் கேமராவில் படத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிகளும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. எங்கள் ஊழியர்களிடம் இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை. விரல் ரேகையை மையத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் முறையில் வேறொரு கேடு உண்டு. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த பெருவிரல் ரேகையைச் சிலிக்கான் அச்சில் எடுத்து, ஆதார் வழியே வங்கிப் பணத்தைக் களவாடிய வழக்குகள் நாட்டின் பல பகுதிகளில் பதிவாகியிருக்கின்றன. அதன் பிறகு 2023-இல் ஆதார் ஆணையம், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் செயற்கை நுண்ணறிவு முறையைக் கொண்டுவந்தது. ரேகையைப் பயன்படுத்தாத நேரத்தில் பூட்டிவைக்கும் வசதியும் ஆதார் செயலியில் இருக்கிறது, அதை எல்லோரும் பயன்படுத்த வேண்டும். கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். பெருவிரலை மாற்ற முடியாது. பாஸ்கீயில் ரேகையோ முகமோ கைபேசியைத் திறப்பதற்கு மட்டும் பயன்பட்டு, கருவியை விட்டு வெளியே போகாமல் இருப்பது இந்தக் காரணத்தால்தான் எனக்கு மதிப்புடையதாகத் தோன்றுகிறது.

எவ்வளவு நல்ல சாவியானாலும் தீர்க்க முடியாத ஒன்று உண்டு. 2024-இன் தொடக்கத்தில், பிரிட்டனைச் சேர்ந்த அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் கிளை ஊழியர் ஒருவர், நிதித் தலைமை அதிகாரியும் சக ஊழியர்களும் கலந்துகொண்ட காணொளிக் கூட்டத்தில் சொல்லப்பட்டதை நம்பி, 15 தவணைகளாக 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்தத் திரையில் இருந்த மற்ற அனைவரும் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய போலிகள். அங்கே யாருடைய கணக்கும் உடைக்கப்படவில்லை; முறையான ஊழியர், முறையான வழியில் நுழைந்து, தானே பணத்தை அனுப்பினார். எங்கள் முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் குறிப்புகள் எத்தனையோ ஜாப் ஒர்க்காரர்களின் கைபேசிகளில் கிடக்கின்றன. அவற்றில் இருக்கும் கொங்குப் பேச்சின் இழுப்பையும் சேர்த்தே பிரதி எடுக்க இன்றைய கருவிகளால் முடியும். ஆகவே வங்கிக் கணக்கு மாற்றம் பற்றி எவர் சொன்னாலும், எந்தக் குரலில் சொன்னாலும், பழைய பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நாங்களே அழைத்துக் கேட்காமல் எதுவும் நடக்காது என்று விதி வைத்திருக்கிறோம். நிறுவன வங்கிக் கணக்குகளில் ஒருவர் பதிவிட இன்னொருவர் ஒப்புதல் தரும் மேக்கர், செக்கர் ஏற்பாட்டைப் பெயரளவுக்கு வைத்துக்கொண்டு இரண்டையும் ஒருவரே செய்யும் பழக்கத்தை ஊர் முழுவதும் பார்க்கிறேன். அதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியாவது கேட்டுக்கொள்வேன். இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால், ஒரு மணி நேரத்தைக் கூட வீணாக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

நாங்கள் பயன்படுத்தும் இணைய வங்கிச் சேவைகளிலும், தாக்கல் செய்யும் தளங்கள் சிலவற்றிலும் இன்னும் எழுத்துக் கடவுச்சொல்தான் இருக்கிறது. அங்கெல்லாம் கடவுச்சொல் மேலாண்மைச் செயலி ஒன்றில் நீளமான, தொடர்பற்ற சொற்களாலான தொடரை வைத்திருக்கிறோம். அந்தச் செயலியைத் திறப்பது யூபிகீ. எல்லோரும் அறிந்த செய்யுள் வரிகளையும் திரைப்பாடல் வரிகளையும் கடவுச்சொல்லாக வைக்க வேண்டாம். மொழி மாதிரிகள் முதலில் படித்தவை அவைதான். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே, காலம் தவறாமல் மாற்றச் சொல்வதையும் குறியீடுகளைக் கலக்கச் சொல்வதையும் விட்டுவிட்டு நீளத்துக்கு முதன்மை தரும்படி சொல்லிவிட்டது. எங்கள் வங்கிகளில் ஒன்று இன்றும் அடிக்கடி கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் விளைவாக ஊழியர்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டி வைக்கிறார்கள், களவாளிகளுக்கு அது இன்னும் எளிதாகிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். நான்கைந்து பேர் மட்டுமே உள்ள செக்கிங், காஜா பட்டன் கூடங்களுக்கு, முதலாளியின் மின்னஞ்சலுக்கு மட்டும் ‘செக்யூரிட்டி கீ’ வகைச் சாவி இரண்டும், மற்றவர்களுக்குக் கைபேசிப் பாஸ்கீயும் போதும். கைபேசியின் திரைப்பூட்டை ஆறு எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். ஏற்றுமதி ஆவணங்களைக் கையாளும் அலுவலகங்கள், பணத்தைத் தொடும் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவி வாங்கி, ஒரு சாவியைக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். பழைய மேசைக் கணினிகளும் புதிய மடிக்கணினிகளும் கலந்திருந்தால், யுஎஸ்பி-ஏ வகையா யுஎஸ்பி-சி வகையா என்று ஒவ்வொரு கணினியையும் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே ஆர்டர் கொடுங்கள். என்எஃப்சி இல்லாத கைபேசி வைத்திருப்பவர்களுக்கு சி வகையே வாங்குங்கள். பெட்டி வந்ததும் முதல் வேலையாகப் பதிப்பு எண்ணை யூபிகோவின் செயலியில் சரிபார்த்து, 5.7-க்குக் குறைவாக இருந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.